பதினாலாம் நம்பர் சிரிப்பு

அவன் வேலையை வெளியில் சொன்னால் யாரும் சட்டென்று நம்பமாட்டார்கள். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஒருவர் ஏதாவது சொன்னதும் பின்னால் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் வருமே, அதைப் போடுகிறவன் அவன். சிரிக்கிறவன் அல்ல, போடுகிறவன். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் ஆள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காலை பத்து மணி முதல் மாலை வரை ஊரார் சிரிப்பையே காதில் வாங்கிக்கொண்டிருப்பவனுக்கு, வீட்டுக்கு வந்தால் மிக்ஸி சத்தம்கூட ஆகாது.

அவனுடைய கணினியில் நாற்பத்திரண்டு சிரிப்புகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. ஏழாம் நம்பர் மூக்கால் சிரிக்கிற ரகம். இருபத்து மூன்று, மேலதிகாரி ஜோக்குக்கு மரியாதைக்காகச் சிரிப்பது. பதினாலாம் நம்பர்தான் எல்லாவற்றிலும் உசத்தி. முதலில் ஒரே ஒரு ஆள் அடக்கமாட்டாமல் குபுக்கென்று சிரித்துவிடுவார். அரை நொடி கழித்து ஒரு பெண்ணின் கீச்சுக் குரல் சேரும். அப்புறம் மொத்தக் கூட்டமும் கரை உடைந்த மாதிரி கொட்டும். இயக்குநரே, “அந்தப் பதினாலைப் போடுப்பா” என்று கேட்டு வாங்குவார்.

அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை. இவனும் சொன்னதில்லை.

தொடர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தைப் பற்றியது. அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். பேச்சு அவ்வளவு நேராக இருக்கும். “எப்படி இருக்கீங்க?” என்று யாராவது ஒப்புக்குக் கேட்டால், நேற்று வயிறு சரியில்லாமல் போனதிலிருந்து வரிசையாகச் சொல்லுவார். விருந்தாளி கிளம்பும்போது, “இன்னொரு நாள் வர்றேன்” என்றால், “எந்த நாள்?” என்று கேட்டுவிட்டு நாட்காட்டியோடு நிற்பார். புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டி எடுக்காமல் போடமாட்டார். அவருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். நூறு பகுதிகளுக்கு முன்னால் ஓரத்தில் வந்துபோன பாத்திரம், இப்போது தொடரையே தாங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கேலுக்கு ஆட்டிசமா என்று கேட்டு நேயர்களிடமிருந்து கடிதம் வராத வாரம் இல்லை. எழுத்தாளர் ஒருமுறை அதை வாசித்துக்காட்டியபோது இயக்குநர் கையை ஆட்டி மறுத்தார். “பேர் வெச்சா பாவம் பார்ப்பாங்க. பேர் வெக்கலன்னா சிரிப்பாங்க. நமக்கு எது வேணும்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிரிப்புக்காரனும் ஆட்டினான். ஆனால் பெயர் வைக்காத ஒரு ஆள் அவன் வீட்டிலேயே இருந்தாள்.

அவனுடைய அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவனைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா அம்மா போனபின் அவனோடும் அவன் மனைவியோடும்தான் இருந்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், பழைய நோயாளிகளின் கோப்புகளை வைத்திருக்கும் ஆவண அறையில் வேலை. ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் சாப்பிடமாட்டாள். யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டாள், காதைப் பார்த்துப் பேசுவாள். “அவ கொஞ்சம் அப்படித்தான்” என்று சொல்லியே வீட்டில் காலத்தை ஓட்டிவிட்டார்கள். எப்படித்தான் என்று எந்த மருத்துவரிடமும் யாரும் கேட்கவில்லை.

தொடர் சூடு பிடித்த பிறகு, மருத்துவமனையில் நர்ஸ்கள் அவளை நிறுத்திக் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்கேல் மனக்கணக்கில் புலி என்பதால் இவளும் புலியாக இருப்பாள் என்று நினைப்பு. “நாலாயிரத்து இருபதைப் பதினேழால பெருக்கினா என்னக்கா?” என்பார்கள். “தெரியாது. பெருக்கல் எனக்கு எப்பவுமே வராது. உங்க போன்ல கால்குலேட்டர் இருக்கே” என்பாள். அதற்கும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து, இன்றைக்கு இத்தனை பேர் சிரித்தார்கள் என்று தம்பியிடம் சொல்லுவாள். அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். அப்படி நினைக்க வைத்தவன் அவன்தான்.

அது அவன் கல்யாண வரவேற்பில் நடந்தது. ஒவ்வொரு உறவினரிடமும் ஒலிவாங்கியைக் கொடுத்து இரண்டு வார்த்தை வாழ்த்தச் சொன்னார்கள். அக்காவின் முறை வந்தது. அவள் மணப்பெண்ணின் காதைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்: “தம்பிக்குக் குறட்டை வரும். இடது பக்கமா திருப்பிப் படுக்க வெச்சா நின்னுடும். பக்கத்து ரூம்ல இருபது வருஷம் படுத்திருக்கேன், எனக்குத் தெரியும்.” அவளிடம் இருந்ததிலேயே உபயோகமான விஷயம் அதுதான். அதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். மண்டபமே அதிர்ந்தது. அக்கா ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, மேடையிலேயே குனிந்து கேட்டாள்: “எதுக்குடா சிரிக்கிறாங்க?”

“உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சுக்கா. அதான்.”

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்லுவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மறுநாள் சொல்லியிருக்கலாம், அடுத்த வாரம் சொல்லியிருக்கலாம். ஆறப்போட்டான். ஆறப்போட்டது பதினோரு வருடம் ஆறிக்கொண்டே இருந்தது.

தொடரின் நாலாவது பகுதி தயாரானபோது இயக்குநர் மேசையைத் தட்டினார். வெளியிலிருந்து வாங்கிய சிரிப்புகள் எல்லாம் வேறு மொழிக்காரர்கள் சிரிக்கிற மாதிரி இருக்கின்றன, சாயங்காலத்துக்குள் நம்ம ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு வேண்டும் என்றார். சிரிப்புக்காரன் மண்டையைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. அக்காவின் குரல் முடிகிற இடத்தைத் தேடிப்பிடித்தான். அவள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் வெட்டி எறிந்துவிட்டு, கூட்டம் சிரித்ததை மட்டும் வைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பில் முதலில் குபுக்கென்று வருகிறதே, ஒலிவாங்கிக்கு ரொம்பப் பக்கத்தில், அது யாருடைய குரல் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பர் போட்டு வைத்துக்கொண்டான்.

அன்றைய பகுதி ஒளிபரப்பானபோது அக்கா அவள் வழக்கமான நாற்காலியில் இருந்தாள். ஸ்கேல் வாயைத் திறந்தார், பதினாலாம் நம்பர் கொட்டியது. அக்கா திரும்பித் தம்பியின் காதைப் பார்த்தாள்.

“இவர் கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொன்னார்? எதுக்குச் சிரிக்கிறாங்க?”

“அவரைப் பிடிச்சிருக்குக்கா.”

“உன் கல்யாணத்துல சொன்ன மாதிரியா?”

“ஆமாக்கா” என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கண்டுபிடித்திருக்கமாட்டாள் என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அதிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஏழரை மணிக்கு அவள் தொடரைப் பார்த்தாள். அவளுக்கு ஸ்கேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்ததில் இன்னும் சந்தோஷம்.

இப்படி இருக்கையில்தான் ஆவண அறையில் ஒரு நிரந்தர வேலை காலியானது. நேர்காணலுக்கு அக்காவுக்கும் கடிதம் வந்தது. கிடைத்தால் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மனுப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அதைவிட, கோப்பு அடுக்குகிற முறையை அவளே தீர்மானிக்கலாம். அவள் இத்தனை வருடத்தில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். இப்போது ஒரே பெயரில் வரும் இரண்டு நோயாளிகளின் கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாராவது அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள் என்று அவள் தினமும் பயந்துகொண்டிருந்தாள். அதற்கு ஒரு வழி யோசித்து, நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

தம்பி மனைவி சமையலறையில் வைத்தே ஒத்திகை நடத்தினாள்.

“அண்ணி, நான்தான் பெரிய டாக்டர்னு வெச்சுக்கோங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா என்ன செய்வீங்க?”

“நீ டாக்டர் இல்ல. ஆனா சொல்றேன். பிறந்த தேதி பார்ப்பேன். அதுவும் ஒண்ணா இருந்தா அம்மா பேர் பார்ப்பேன். ஒன்பது வருஷத்துல நான் எடுத்துக் கொடுத்த கோப்பு ஒண்ணுகூட மாறல.”

சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினாள். முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி, சும்மா இருந்தாள். அப்புறம்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அடுத்த பதிலிலும் அதே இடைவெளி. “மூச்சு வாங்குதா அண்ணி?” என்று தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தாள்.

வாசலில் நின்ற சிரிப்புக்காரனுக்குச் சட்டென்று புரிந்தது. அது மூச்சு அல்ல. இரண்டரை வினாடி. ஸ்கேலாக நடிக்கிறவர் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் சிரிப்புக்கு இடம் விட்டு, இடது பக்கம் திரும்பி நிற்பாரே, அதே இரண்டரை வினாடி. தினமும் அதை அளந்து நிரப்புகிறவனுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் பிடித்த மாதிரி பேச ஒரு வழி இருக்கிறது என்று நம்பி, அக்கா அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பேசிவிட்டு, பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். “அக்கா, நிறுத்தாம பேசு” என்றால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாள். அவள் ஏன் என்று கேட்டால் பாதியில் விடமாட்டாள். தொடரில் ஆரம்பித்துக் கல்யாண மண்டபம் வரை போய்த்தான் நிற்கும். நேர்காணலுக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டு பகுதிகள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இவனைக் கெட்டவன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கெட்டவன் செய்கிற வேலையைச் சோம்பேறியும் கோழையும் சேர்ந்து செய்து முடித்துவிடுவார்கள் என்பதற்கு அவனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நேர்காணலுக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். மூன்றாம் மாடியில் ஒரு நீளமான நடைவழி, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். கதவு சரியாகச் சாத்தாமல் நாலு விரல் திறந்திருந்தது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம் என்று வாசலில் காகிதம் ஒட்டியிருந்தது.

“உங்க பலவீனம்னு எதைச் சொல்லுவீங்க?” என்றது ஓர் ஆண் குரல்.

“வலது முட்டி. ஏணியில ஏறினா வலிக்கும்.”

பிறகு ஒன்றுமில்லை. சிரிப்புக்காரன் விரலை மடக்கி எண்ணினான். ஒன்று, இரண்டு. உள்ளே யாரோ ஏழாம் நம்பர் சிரித்தார்கள்.

“அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கலாம்?”

“கீழ்த்தளத்துல. ரெக்கார்டு ரூமை வேற இடத்துக்கு மாத்தலன்னா.”

மறுபடியும் அந்த இடைவெளி. இப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த பதிலுக்கு மூன்று பேரும். சிரிப்பு வகைகளை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வந்தது ஆச்சரியம். இரண்டாவது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பது. கடைசியில் ஒரு பெண் குரல், “அந்த சீரியல்ல வர்றவர் மாதிரியே இருக்கு, இல்ல?” என்று அடங்கின குரலில் சொன்னது. அக்கா, “ஆமா, நானும் தினமும் பார்க்கிறேன்” என்றாள். அப்போது அங்கே வந்த சிரிப்பு அசல் பதினாலாம் நம்பர். எழுந்து உள்ளே போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. போய் என்ன சொல்லுவது என்று தெரியாமல், நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்த அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. “எட்டு தடவை சிரிச்சாங்கடா. கிடைச்சிடும்” என்றாள். நான்கு பக்கக் காகிதம் அவள் பையிலேயே இருந்தது. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டு வந்தாள். அவன் ம்ம் கொட்டிக்கொண்டு வந்தான்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. நிரந்தர வேலை வேறொருவருக்கு. அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் நீளும். அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். அழவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டுவிட்டு, தம்பி அறை வாசலில் வந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணு புரியல. சிரிச்சா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். எட்டு தடவை சிரிச்சாங்க. அப்புறம் ஏன் தரல?”

“அவங்க ஏற்கெனவே ஆளை முடிவு பண்ணியிருப்பாங்கக்கா.”

“அப்போ எதுக்குச் சிரிச்சாங்க?”

இன்னும் ஒரு பொய் அவன் வாயில் தயாராக இருந்தது. எப்போதும் இருக்கும். அதை மென்று விழுங்கிவிட்டு, “நாளைக்கு லீவுதானே? என்கூட ஸ்டூடியோவுக்கு வா” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூடத்தில் யாரும் இல்லை. ஏசி சத்தம் அவளுக்கு ஆகாது என்று அதை அணைத்தான். அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, வரப்போகும் பகுதியைச் சிரிப்பில்லாமல் ஓட்டினான். ஸ்கேல் பேசினார், இடது பக்கம் திரும்பினார், சும்மா நின்றார். மறுபடி பேசினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“யாருமே சிரிக்கலையே” என்றாள் அக்கா.

“அங்க யாரும் இல்லக்கா. எப்பவுமே இருந்ததில்ல. சிரிப்பைப் போடுறது நான்தான். இது என் வேலைன்னு உனக்குத் தெரியும். ஆனா எதுக்குப் போடுறேன்னு நான் சரியா சொல்லல.” ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தினான். “அவரைப் பிடிச்சுப் போய்ச் சிரிக்கல. அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில சிரிச்சதும் அதேதான்.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பதினாலாம் நம்பரை எடுத்து, தனியாக ஒலிக்கவிட்டான். அந்தச் சின்ன அறையில் அது அசிங்கமாகக் கேட்டது.

“இது எங்கேருந்து எடுத்ததுன்னா...”

“உன் கல்யாணம்” என்றாள். “கீச்சுக் குரல் சின்ன அத்தை. இருமுறது உன் மாமனார். முதல்ல சிரிக்கிறது நீ.”

“எப்போக்கா தெரிஞ்சுது?”

“முதல் நாளே. அன்னிக்கே கேட்டேனே.” அவள் அவன் காதைப் பார்த்துப் பேசினாள். குரலில் கோபம் இல்லை. “மண்டபத்துல மத்தவங்க சிரிச்சப்போ எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஸ்கூல்லயும் அப்படிச் சிரிப்பாங்க, அப்புறம் விளையாட்டுல சேர்த்துக்கமாட்டாங்க. ஆனா நீதான் முதல்ல சிரிச்சே. நீ சிரிச்சா அது பிடிச்ச சிரிப்பாத்தானே இருக்கும்? அதனாலதான் நீ சொன்னதை நம்பினேன்.”

அவன் கணினியில் பதினாலாம் நம்பரை மூடினான்.

“அப்போ உனக்கும் பிடிக்கலையா?”

“வெக்கமா இருந்துச்சுக்கா” என்றான். பதினோரு வருடத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் நேரான பதில் அது. “உன்னை நினைச்சு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் என்னை நினைச்சு. அப்படியே விட்டுட்டேன். தப்பு என்னோடதுக்கா.”

மன்னித்துவிட்டேன் என்பாள் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ. அக்காவுக்கு அப்படி ஒப்புக்குச் சொல்லத் தெரியாது.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா அங்க நிறுத்தாம பேசியிருப்பேன்” என்றாள். “அவங்க கேள்வித்தாள் மேசையில இருந்துச்சு. ஒரே பேர்ல ரெண்டு நோயாளி இருந்தா என்ன செய்வீங்கன்னு பதினோராவது கேள்வி. நான் நிறுத்தி, அவங்க சிரிச்சு, எட்டாவதுலயே நேரம் முடிஞ்சிடுச்சு.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்று கேட்டாள்: “குறட்டை இன்னும் வருதா?”

“வருது.”

“இடது பக்கமா திரும்பிப் படு. நான் சொன்னது சரிதான்.”

அன்றைக்கே அவன் பதினாலாம் நம்பரை அழித்தான். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. இயக்குநர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு முப்பத்தொன்றாம் நம்பருக்குப் பழகிக்கொண்டார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவன் மனைவியிடம் ஒருமுறை சொன்னான், விடவில்லை. மருத்துவமனையில் புதிதாக வந்த ஆளுக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அக்காதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான்கு பக்கக் காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அது எந்த அர்த்தத்தில் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

ஏழரை மணிக்கு இன்னமும் தொடரைப் பார்க்கிறாள். ஸ்கேலை அவளுக்கு இப்போதும் பிடிக்கும். கையில் ரிமோட் வைத்திருக்கிறாள். அவர் பேசி முடித்து இடது பக்கம் திரும்பியதும் ஒலியை அணைக்கிறாள், இரண்டரை வினாடி கழித்து மறுபடி போடுகிறாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை. தம்பி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். பகலெல்லாம் அவன் பார்த்த வேலை அந்த ஒரு வீட்டில் மட்டும் யார் காதிலும் விழுவதில்லை.